நாத்தனார் முடிச்சு

அரியாங்குப்பத்துத் தனக்கொடிக்குத் தன் தங்கை சரிதாவின் மேல் பொறாமை. சொத்துக்காகவா என்றால் இல்லை, பங்கு போட்டுக்கொள்ள சொத்தே கிடையாது. நகைக்காகவா என்றால் அதுவும் இல்லை. அம்மா சின்னப்பொண்ணு இரண்டு பெண்களுக்கும் ஒரே ஆசாரியிடம் ஒரே மாதிரி செய்து போட்டவள். புருஷன் விஷயத்திலும் குறை சொல்ல முடியாது. ஜானகிராமன் குடிக்க மாட்டான், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பான். பொறாமையெல்லாம் கன்னத்துக்காக. சரிதாவின் கன்னத்தில் ஒரு புள்ளி இருக்காது. கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி இருக்கும். தனக்கொடியின் முகத்திலோ முப்பது வயதுக்கு மேல் பரு வந்து குடியேறிவிட்டது.

வயசுப் பெண்ணாக இருந்தபோது வந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அப்போது ஒன்றுகூட வரவில்லை. இரண்டாவது பிள்ளை பால்குடி மறந்த சமயம் தாடையோரம் ஒன்று வந்தது. சூட்டுக்கட்டி என்று சுண்ணாம்பு வைத்தாள். அது போவதற்குள் பக்கத்தில் இரண்டு. பிறகு மோவாய், கழுத்தோரம் என்று உறவுமுறையெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. தொட்டாலே வலிக்கும். தூரம் ஆவதற்கு முந்தின வாரம் தவறாமல் தலைகாட்டும். கிள்ளினால் போகிற மாதிரி போய், கறுப்புத் தழும்பை வைத்துவிட்டுப் போகும்.

அவள் வேலை பார்த்தது புதுச்சேரி டவுனில், நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில். பட்டுப்புடவை செக்ஷன். அங்கே ஒரு வழக்கம். வாங்க வருகிறவர்கள் புடவையை எடுத்துக் காட்டினால் திருப்திப்பட மாட்டார்கள், "கட்டிக் காட்டும்மா" என்பார்கள். விற்கிற பெண் முந்தானையைத் தன் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்க வேண்டும். அவர்கள் புடவையைப் பார்ப்பார்களா, அப்படியே மேலே ஏறி முகத்தைப் பார்ப்பார்கள். "இந்தக் கலர் வேணாங்க" என்று கையைத் தட்டிவிட்டுப் போவார்கள். கலர் என்ன பாவம் செய்தது? ஒரு நாள் சூப்பர்வைசர் அவளை மாடிக்கு, துண்டு லுங்கி விற்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார். காரணம் அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கூட வேலை செய்த பெண் ஒருத்தி மட்டும், "இன்னாக்கா, நீ இப்பத்தான் வயசுக்கு வந்தியா?" என்று சிரித்தாள். அவளோடு தனக்கொடி அப்புறம் சோற்று டப்பாவைப் பிரிக்கவே இல்லை.

சரிதாவைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. பண்டிகைக்கு வந்தால் தெருவே அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைக்கும். "இன்னா போடுறடி மூஞ்சிக்கு?" என்று யார் கேட்டாலும், "பச்சத்தண்ணிதான் ஆயம்மா, வேற இன்னா போடப் போறேன்" என்று கண்ணைச் சிமிட்டுவாள். அந்தப் பச்சைத்தண்ணி தனக்கொடி வீட்டுக் குழாயிலும்தான் வந்தது. அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவினாள் என்று கணக்கே இல்லை. சோப்பு மாற்றினாள், பயற்றமாவு போட்டாள், எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து எரிச்சலில் கண்ணீர் விட்டாள். கழுவக் கழுவத் தோல் வறண்டதுதான் மிச்சம். ஒரே வயிற்றில் பிறந்தவளுக்கு மட்டும் சாமி எப்படித் தனியாகப் படியளந்தது என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

இப்படி இருக்கையில், 2006 ஆவணியில் தம்பி பிரேம்குமாருக்குப் பெண் நிச்சயம் ஆனது. தையில் கல்யாணம். மூன்று முடிச்சில் மாப்பிள்ளை போடுவது ஒன்றுதான். மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள், அதாவது பெண்ணுக்கு நாத்தனார், போட வேண்டும். இரண்டு நாத்தனார்கள் இருந்தால் மூத்தவளுக்குத்தான் முடிச்சு. இளையவள் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிரேம்குமாரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் தனக்கொடி. அவன் பிறந்த நாளிலிருந்தே அந்த முடிச்சு தன்னுடையது என்று வைத்திருந்தாள்.

நிச்சயத்தட்டு மாற்றிவிட்டு வந்த அன்று சின்னப்பொண்ணு வெற்றிலையை மடித்தபடியே ஆரம்பித்தாள்.

"ஏன் தனம், முடிச்ச சரிதாவே போடட்டுமே. வீடியோக்காரன் அங்கதான கிட்ட வந்து புடிப்பான். நீ பின்னாடி நின்னு வெளக்கப் பிடி. வெளக்கு பிடிக்கிறவள யாரு பாக்கப்போறாங்க?"

"மூத்தவ யாரும்மா?"

"நீதான். யாரு இல்லன்னா? காலத்துக்கும் வச்சிப் பாக்கற கேசட்டு ஆச்சேன்னு சொன்னேன்."

சரிதா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எரிந்தது பாருங்கள், தனக்கொடியின் வயிறு.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோல் டாக்டரைப் பார்க்க விழுப்புரம், திண்டிவனத்திலிருந்தெல்லாம் விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். தேமல், சொறி, படை என்று வந்தவர்களுக்கு நடுவில், பருவுக்காக வந்தேன் என்று சொல்லவே அவளுக்குக் கூச்சம். முறை வந்ததும் அந்த டாக்டரம்மா முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூரம் ஒழுங்காக வருகிறதா, மோவாயில் முடி வளர்கிறதா, தலைக்கு எவ்வளவு எண்ணெய் வைக்கிறாய் என்று கேட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"இந்த வயசுலயும் வருமாங்க டாக்டர்?"

"வரும். நாப்பதுலயும் வரும். பொம்பளைங்களுக்கு ஹார்மோன் மாறும்போது தாடையோரம் இப்படித்தான் வரும். அழுக்குனால வரதில்லம்மா. போட்டுத் தேய்க்காத, ரெண்டு வேளை கழுவினா போதும். கிள்ளாத. தலையில வைக்கிற எண்ணெய் நெத்தியில வழியாம பாத்துக்க."

ராத்திரி போட ஒரு மருந்தும் சில மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். பட்டாணி அளவு போதும், பருவின் மேல் மட்டும் வைக்காமல் முகம் முழுக்க மெல்லிசாகத் தடவ வேண்டும், பகலில் வெயில் படக்கூடாது என்றார். "முதல்ல கொஞ்சம் ஜாஸ்தியான மாதிரி தெரியும். பயந்து விட்டுடாத. மூணு மாசம் பொறுத்துக்க."

"அவ்ளோ நாளா? சீக்கிரம் போவ ஒண்ணும் இல்லையாங்க?"

டாக்டரம்மா மேஜை டிராயரிலிருந்து ஒரு காலி டியூபை எடுத்துக் காட்டினார். வேறு யாரோ இதைப் போட்டு முகத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தபோது வாங்கி வைத்தது. "இதுதான் சீக்கிரம். மெடிக்கல் ஷாப்புல கேட்டா குடுத்துடறாங்க. பத்தே நாள்ல மூஞ்சி பளபளன்னு ஆயிடும். அப்புறம் தோல் காகிதமாட்டம் மெலிஞ்சிடும். ஒரு நாள் நிறுத்தினா போதும், மொளகாய அரச்சுப் பூசின மாதிரி செவந்து, பருவாக் கொட்டும். அதுக்குப் பயந்துகிட்டே திரும்பத் திரும்ப போடுவாங்க. இத நிறுத்தணும்னாகூட எங்ககிட்ட வந்து கேட்டுத்தான் நிறுத்தணும். நீ போட்டிருக்கியா?"

"இல்லீங்க," என்றாள் தனக்கொடி. அந்த மஞ்சள் பட்டை போட்ட டியூபை மட்டும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

டாக்டர் சொன்ன மாதிரியே முதலில் ஜாஸ்திதான் ஆனது. ஜானகிராமன், "இதுக்கா லீவு போட்டுட்டுப் போன?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். ஐப்பசி அடைமழையில் பஸ்சுக்கு நனைந்துகொண்டு போய் மருந்து வாங்கி வந்தாள். கை தானாக மோவாய்க்குப் போகும்போதெல்லாம் தன் கையைத் தானே அடித்தாள். கார்த்திகை கழிகிற சமயம், தொட்டால் வலிக்கிற பரு வருவது நின்றிருந்தது. மார்கழியில் புதிதாக ஒன்றும் இல்லை. கறுப்புத் தழும்பு இருந்தது, அங்கங்கே சின்னப் பள்ளம் இருந்தது. ஆனாலும் முகம் முகமாக இருந்தது. அவள் அம்மாவிடம் போய் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, "பாரும்மா" என்றாள்.

"கொறஞ்சிருக்குடி. தேவலாம்," என்றாள் சின்னப்பொண்ணு. முடிச்சைப் பற்றி மூச்சு விடவில்லை.

தை பிறந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடியே சரிதா பெட்டியோடு வந்து இறங்கினாள். கன்னம் இன்னும் மெருகேறியிருந்தது, ரத்தம் ஓடுவதுகூடத் தெரிகிற மாதிரி. பந்தக்கால் நட வந்த பெண்கள் பச்சரிசி மாவையும் மஞ்சளையும் விட்டுவிட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "முடிச்சு போடறவ நீதானாமே, பொருத்தமாத்தான் சொல்லியிருக்காங்க" என்று ஒருத்தி சொன்னாள். மூத்தவள் அங்கே நின்றுகொண்டிருக்கிறாளே என்று ஒரு நாக்காவது கூசியதா?

அன்று மத்தியானம் சரிதா குளிக்கப் போயிருந்தாள். தனக்கொடி அவள் பையைத் திறந்தாள். திருட இல்லை. என்ன சோப்பு என்று பார்க்கத்தான். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பவுடர் டப்பாவுக்கு அடியில் கர்ச்சீப்பில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தாள். மஞ்சள் பட்டை போட்ட டியூப். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

அடி கள்ளி! இதுவாடி உன் பச்சைத்தண்ணி?

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நிமிஷமே அது ஆத்திரமாகிவிட்டது. இத்தனை வருஷம் இந்தக் கன்னத்தைப் பார்த்து ஏங்கி, சாமியைத் திட்டி, தன்னையே வெறுத்து, கடைசியில் முடிச்சையும் கோட்டைவிட்டது இந்த டியூபுக்காகவா? ஒரு நாள் நிறுத்தினால் போதும் என்று டாக்டரம்மா சொன்னது காதில் ஒலித்தது. தங்கையைக் கூப்பிட்டு, "இது விஷம்டி, வா ஆஸ்பத்திரிக்கு" என்று சொல்லியிருந்தால் நல்ல அக்கா. அவள் நல்ல அக்காவாக அன்றைக்கு இல்லை. டியூபை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகி, கர்ச்சீப்பை மட்டும் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, உன் நிஜ மூஞ்சியையும் ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தபடி அடுப்படிக்குப் போனாள்.

ராத்திரி சரிதா பையைக் கொட்டித் தேடினாள். பாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, என் பையில கர்ச்சீப்புல சுத்தி ஒண்ணு வச்சிருந்தேன். பாத்தியா?"

"இன்னாது?"

சரிதா கொட்டியதையெல்லாம் பைக்குள் அள்ளிப் போட்டாள். "ஒண்ணுமில்ல. தலவலித் தைலம்."

"தலவலிக்குதா? என்கிட்ட தைலம் இருக்குது. தரட்டா?"

"வேணாங்கா," என்று சரிதா படுத்துக்கொண்டாள். தனக்கொடி இருட்டில் புன்னகை செய்தாள் என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. செய்தாள், என்ன பண்ணச் சொல்கிறீர்கள்.

காலையில் சரிதா, டவுனுக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். சின்னப்பொண்ணு விடுவாளா? பந்தக்கால் நட்டபிறகு கல்யாண வீட்டுப் பிள்ளைகள் ஆற்றைத் தாண்டக் கூடாது என்பது அவள் சட்டம். அரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்குப் போக வேண்டுமானால் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். "பாலத்துல கால வச்சின்னா ஒடச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். உள்ளூர் மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்திருப்பவர் கோவிந்தராசுப் பெரியப்பா. அவரிடம் போய்க் கேட்டால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். யாரையாவது அனுப்பலாம் என்றால் என்னவென்று சொல்லி அனுப்புவது? பச்சைத்தண்ணி என்று பெருமையடித்த வாய் ஆயிற்றே. சரிதா மாட்டிக்கொண்டாள்.

நாலைந்து நாளில் கன்னம் ரோஸ் நிறமாயிற்று. ஊர்ப்பெண்கள், "கல்யாணக்களை அவளுக்கும் வந்துடுச்சு" என்றார்கள். அப்புறம் சிவந்தது. அப்புறம் பொரிப்பொரியாக எழும்பி மூக்கு, நெற்றி, கண்ணிமை வரைக்கும் கொட்டிவிட்டது. நலங்கு அன்று யாரோ விளையாட்டாக அவள் கன்னத்திலும் மஞ்சளைப் பூச, சரிதா அலறிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். அம்மை போட்டுவிட்டதோ என்று சின்னப்பொண்ணு வேப்பிலை தேடினாள். தனக்கொடி இதற்குத்தான் காத்திருந்தாள். ஆனாலும் தொட்டியில் தலையை முக்கிக்கொண்டு நின்ற தங்கையைப் பார்த்ததும் அவளால் கிட்டே போக முடியவில்லை.

கல்யாணத்தன்று காலை. அரியாங்குப்பத்திலேயே மண்டபம். வாசலில் மேளம் கேட்கிறது. மாப்பிள்ளை வீட்டு அறையில் சரிதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். சின்னப்பொண்ணு தனக்கொடியை வராந்தாவுக்கு இழுத்துவந்தாள்.

"தனம், நீயே முடிச்சப் போட்டுடு. அவ இந்த மூஞ்சிய வச்சிக்கினு மேடையேறினா சிரிப்பாங்க. உன் மூஞ்சிதான் இப்ப பாக்கற மாதிரி இருக்குது."

கிடைத்துவிட்டது. இதற்காகத்தானே இத்தனையும். ஆனால் காதில் விழுந்தது வேறு மாதிரி விழுந்தது.

"நான் மூத்தவ, அதனால போடுன்னு சொல்லும்மா. போடுறேன்."

"அதான்டி சொல்றேன். மூத்தவளும் நீதான், மூஞ்சியும் உன்துதான் நல்லா இருக்குது."

"அந்த ரெண்டாவத விட்டுட்டுச் சொல்லு."

"மேளக்காரன் கெட்டிமேளத்துக்குத் தயாரா நிக்கிறான், இவளுக்கு இப்பத்தான் வக்கணை!" என்று சின்னப்பொண்ணு தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். நாளைக்கே மோவாயில் மறுபடியும் ஒன்று முளைத்தால் அம்மா மறுபடியும் பின்னால் போய் நில் என்பாள். தனக்கொடிக்கு அது பட்டப்பகலாகத் தெரிந்தது.

அவள் உள்ளே போனாள். "எழுந்திரு. வெளக்கு பிடிக்க வா."

"வரமாட்டேன்." முந்தானைக்குள்ளிருந்தே சரிதா பேசினாள். "உனக்கு இன்னாக்கா தெரியும்? நீ மூஞ்சி முழுக்க பருவோட பஸ் ஏறி வேலைக்குப் போற, ஆளுங்க முன்னாடி நிக்கிற. நான் கல்யாணத்துக்கு முந்தி ஒரு பரு வந்துச்சேன்னு ஒரு க்ரீம் போட்டேன். அன்னியிலேருந்து அது இல்லாம கொல்லப்பக்கம் கூடப் போனதில்ல. விட்டா இப்படி ஆவுது, போட்டா சரியாவுது. மாமியாருக்குத் தெரியாம, அவருக்குத் தெரியாம ஒளிச்சு வச்சே என் காலம் போவுது. இப்ப அத எங்கயோ தொலச்சிட்டேன்."

தனக்கொடி நின்றுகொண்டே இருந்தாள். "நீ தொலைக்கல. நான்தான் எடுத்தேன்."

முந்தானை விலகியது. வீங்கிச் சிவந்த முகத்தில் இரண்டு கண்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன.

"ஏன்?"

"வயித்தெரிச்சல். உன் கன்னத்தப் பாத்து. என் முடிச்ச அந்தக் கன்னத்துக்குத் தூக்கிக் குடுத்தாங்க, நீயும் வாயத் தொறக்கல."

"அது இல்லாட்டி இப்படி ஆவும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். டாக்டரம்மா சொன்னாங்க."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அக்கா மேல் கை வைத்தது சரிதாவுக்கு அதுதான் முதல் தடவை. தனக்கொடி கன்னத்தைக்கூடத் தடவவில்லை. "அது விஷம்டி. உனக்கு நான் திருப்பித் தரமாட்டேன். இன்னும் ஒரு அறை வேணும்னாலும் அறஞ்சிக்க."

சரிதா அறையவில்லை. எழுந்து சொம்புத் தண்ணீரில் முகத்தைக் கழுவி, ஈரத்தைத் துண்டால் ஒற்றினாள். பவுடர் டப்பா பக்கத்திலேயே இருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"முடிச்ச நான்தான் போடுவேன். நீ வெளக்கப் பிடி."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். மண்டபத்துக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி, "அய்யய்யோ, மூஞ்சிக்கு இன்னா ஆச்சுடி தங்கம்?" என்று கூவினாள். "கண்ட க்ரீமப் போட்டுக் கெடுத்துக்கிட்டேன் ஆயம்மா," என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே சரிதா மேடை ஏறினாள். சின்னப்பொண்ணு வாயைப் பிளந்து நின்றாள். தனக்கொடிக்கு வேறு வழி இல்லை. விளக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றாள்.

கெட்டிமேளம் கொட்டியது. பிரேம்குமார் முதல் முடிச்சைப் போட்டான். சரிதா குனிந்து இரண்டாவதைப் போட்டாள், மூன்றாவதையும் இறுக்கிப் போட்டாள். வீடியோக்காரன் லைட்டை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துவிட்டு, சங்கடப்பட்டு, "அக்கா, கொஞ்சம் அப்பிடித் திரும்பிக்கிறீங்களா?" என்றான். சரிதா திரும்பவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்து நின்றாள். உதட்டை அசைக்காமல் பின்னால் நின்றவளிடம் சொன்னாள்.

"திங்கக்கெழம கோரிமேட்டுக்கு நீதான் என்னக் கூட்டிட்டுப் போவணும். தப்பிச்சிடலாம்னு பாக்காத."

"கூட்டிட்டுப் போறேன்," என்றாள் தனக்கொடி.

பரு வந்த ஐந்து வருஷத்தில் அவள் ஒரு போட்டோவுக்குக்கூட இப்படி நின்றதில்லை. எப்போதும் மோவாயைக் குனிந்து மறைத்துக்கொள்வாள், இல்லாவிட்டால் வேறு யாருடைய தோளுக்காவது பின்னால் ஒதுங்கிக்கொள்வாள். இந்தப் பொடிச்சிக்கு ஒரே காலையில் அது எப்படி வந்தது? முகமெல்லாம் எரிகிற தங்கையின் பின்னால், பரு ஆறிய முகத்தோடு, விளக்கைப் பிடித்துக்கொண்டு தனக்கொடி நின்றாள். அந்தத் தைரியத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.